மீடியாவில் சோடியம் பைருவேட்: அது உண்மையிலேயே சக்திக்காகத்தானா?

கயல் (திங்கள், இரவு 10:42)

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. கடுக்காய்த் தோலின் நீர்ச்சாறு ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களை என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. எட்டு மாதமாக ஒரே முடிவுதான் வந்துகொண்டிருந்தது. சாறு போட்ட மறுநாள் பிளேட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் எல்லாம் உருண்டு, தரையை விட்டுக் கிளம்பி மிதக்கும். உயிருள்ள செல் இருந்தால் ஊதாவாகும் எம்.டி.டி. சாயத்தைப் போட்டால் அந்த நிறமே ஏறாது.

போன மாதம் டி.எம்.இ.எம். மீடியா (செல் வளர்க்கும் ஊட்டத் திரவம்) தீர்ந்துபோய்ப் புது பாட்டில்கள் வந்தன. அன்றிலிருந்து அதே சாறு, அதே அளவு, அதே செல், ஆனால் ஒன்றும் சாகவில்லை. மறுநாளும் தரையில் ஒட்டிப் படர்ந்து நன்றாக இருக்கின்றன. சாறு கெட்டுவிட்டதோ என்று புதிதாக வடித்துப் பார்த்தேன். செல்தான் மாறிவிட்டதோ என்று உறையவைத்திருந்த பழைய பாசேஜ் (முந்தைய தலைமுறை) செல் குப்பி ஒன்றை உருக்கி எடுத்தேன். செல் வளர்ப்பில் புகுந்து கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையும் செய்தாயிற்று, இல்லை. கைடு என் கைமேல்தான் சந்தேகப்படுகிறார்.

நேற்று இரண்டு பாட்டில்களின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் குளுக்கோஸ் லிட்டருக்கு 4.5 கிராம். குளுட்டமின் இரண்டிலும் உண்டு. புதியதில் மட்டும் சின்ன எழுத்தில் ‘சோடியம் பைருவேட்டுடன்’ என்று இருக்கிறது, லிட்டருக்கு 110 மில்லிகிராம். ஆர்டர் போட்டவர்கள் ஏதோ ஒன்று கையிருப்பில் இருந்ததை வாங்கிவிட்டார்கள் போல. சீனியரைக் கேட்டால், “அது செல்லுக்குக் கூடுதல் சக்தி, அவ்வளவுதான்” என்கிறார்.

கூடுதல் சக்தி கிடைத்ததால்தான் செல்கள் பிழைத்துக்கொண்டனவா? இதற்கு முன் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?


மாணிக்கம் (திங்கள், இரவு 11:15)

நான் பதினைந்து வருடமாக எல்லா மீடியாவிலும் போடுகிறேன்மா. நூறு மில்லிமோலார் ஸ்டாக், லிட்டருக்கு 10 மில்லி, கடைசியில் 1 மில்லிமோலார். எங்கள் லேபில் எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் அப்படியே செய்கிறேன். செல் நன்றாக வளர்கிறது. ஆனால் சாறு போட்ட பரிசோதனை எதுவும் நான் செய்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும், நானும் கற்றுக்கொள்கிறேன்.


நொதி (செவ்வாய், காலை 6:50)

கயல், உங்கள் சீனியர் சொன்னதைத்தான் பாதி உலகம் சொல்கிறது. விற்பவர்களின் விவரக்குறிப்பிலும் ‘கூடுதல் ஆற்றல் மூலம்’ என்றுதான் போட்டிருக்கும். அது எவ்வளவு தூரம் சரி என்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் என்றால் 25 மில்லிமோலார். ஒரு குளுக்கோஸ் உடைந்தால் இரண்டு பைருவேட். ஆக உங்கள் பழைய பாட்டிலிலேயே 50 மில்லிமோலார் பைருவேட்டுக்கான சரக்கு குளுக்கோஸ் வடிவில் இருக்கிறது. புது பாட்டிலில் மேற்கொண்டு போட்டது 110 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோலார். ஐம்பதுக்கு ஒன்று. அரிசி மூட்டை நிறைந்திருக்கும் வீட்டில் ஒரு படி அரிசியைக் கூடுதலாகக் கொண்டுபோய் வைத்தது மாதிரி. எட்டு மாதமாகச் செத்துக்கொண்டிருந்த செல், அந்த ஒரு படிக்காகப் பிழைத்தது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதனால் ‘சக்தி’ என்ற விடையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு யோசியுங்கள்.


கரிசல்காரன் (செவ்வாய், காலை 9:05)

நொதி சார், கார்பன் கணக்கு சரி. ஆனால் ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) கணக்கு அப்படி வராது. ஹீலா மாதிரியான செல் குளுக்கோஸைப் பெரும்பாலும் லாக்டேட்டாக்கி வெளியே விடுகிறது. அந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2 ஏ.டி.பி.தான். 25 மில்லிமோலார் முழுவதும் தீர்ந்தாலும் 50 மில்லிமோலார் ஏ.டி.பி. பைருவேட் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுதாக எரிந்தால் சுமார் 12.5 ஏ.டி.பி. ஆக, 1 மில்லிமோலார் பைருவேட் தருவது 12.5. அதாவது கால் பங்கு. ஐம்பதில் ஒன்று என்பதும் நாலில் ஒன்று என்பதும் வேறு வேறு. சக்தி என்பதை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடலாமா?


நொதி (செவ்வாய், காலை 10:20)

நல்ல கேள்வி. நான் சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனால் உங்கள் வாக்கியத்தில் ‘முழுதாக எரிந்தால்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது பாருங்கள். அங்கேதான் விஷயம்.

செல் லாக்டேட்டை வெளியே கொட்டுகிறது என்றாலே, உள்ளே பைருவேட் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். எரிப்பதற்குப் போதாமல் செல் தவிக்கவில்லை. எரிக்காமல் விட்டதைத்தான் லாக்டேட்டாக மாற்றி அனுப்புகிறது. ஏற்கெனவே வழிந்து ஓடும் பாத்திரத்தில் இன்னொரு குவளை ஊற்றினால் அதுவும் வழியத்தானே செய்யும்? இன்னொன்று: ஹீலா செல்லுக்குப் பெரும்பகுதி ஆற்றல் தருவது சர்க்கரை அல்ல, குளுட்டமின் என்று ரைட்சர், வைஸ், கென்னல் மூவரும் 1979-லேயே காட்டிவிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் எரிவதற்கு அந்தக் குளுட்டமின் கயலின் இரண்டு பாட்டிலிலும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும் இடமும் உண்டு. லைபோவிட்ஸ் 1963-ல் உருவாக்கிய எல்-15 மீடியம். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லாமல், சாதாரணக் காற்றிலேயே செல் வளர்ப்பதற்கானது. அதில் குளுக்கோஸே கிடையாது, காலக்டோஸ்தான். காலக்டோஸ் மெதுவாகத்தான் உடையும், அதனால் அமிலமும் மெதுவாகத்தான் சேரும். அதற்குத் துணையாகச் சோடியம் பைருவேட் லிட்டருக்கு 550 மில்லிகிராம், அதாவது 5 மில்லிமோலார். அங்கே அது எரிபொருள் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கின்றனவா என்று பார்க்கக் குளுக்கோஸை எடுத்துவிட்டுக் காலக்டோஸ் போடுகிறார்களே, அங்கேயும் அப்படித்தான். 25 மில்லிமோலார் குளுக்கோஸ் இருக்கிற பாட்டிலில் அல்ல.


கரிசல்காரன் (செவ்வாய், காலை 10:48)

சரி, ஏற்றுக்கொள்கிறேன். நிபந்தனையை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் கயலின் செல்லைக் காப்பாற்றியது எது?


தேன்மொழி (செவ்வாய், மதியம் 1:30)

கயல், உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு என் பழைய நோட்டு ஞாபகம் வந்தது. நான் காலிக் அமிலத்தோடு இதே சுவரில் முட்டிக்கொண்டவள். நேராகச் சொல்கிறேன்: உங்கள் செல்லைக் கொன்றது கடுக்காய் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். காப்பாற்றியது பைருவேட், அது அந்தப் பெராக்சைடைத் தின்றுவிட்டது.

விளக்கமாகச் சொல்கிறேன். கடுக்காயில் டானின்களும் காலிக் அமிலமும் நிறைய. அவை தண்ணீரில் சும்மா இருக்கும். ஆனால் செல் வளர்க்கிற மீடியாவில், பிஹெச் 7.4-ல், 37 டிகிரியில், ஆக்சிஜன் கரைந்திருக்கிற சூழலில், தாங்களாகவே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லே தேவையில்லை. வெறும் மீடியாவில் போட்டு வைத்தாலே ஓரிரு மணி நேரத்தில் உருவாகிவிடும். மீடியா லேசாகப் பழுப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்களே? அது இந்த வினையின் அடையாளம்தான். பாரி ஹாலிவெல் குழு 2000-ல் இதைத் தெளிவாகக் காட்டியது. தேயிலையில் இருக்கும் கேட்டக்கின்களையும் குவர்செட்டினையும் டி.எம்.இ.எம்., ஆர்.பி.எம்.ஐ. 1640, மெக்காய் 5ஏ ஆகிய மீடியாக்களில் போட்டு, பெராக்சைடு மளமளவென்று பிறப்பதை அளந்தார்கள். ‘செல் வளர்ப்பில் தோன்றும் செயற்கை விளைவு’ என்பதுதான் அவர்கள் எழுப்பிய எச்சரிக்கை.

இப்போது பைருவேட்டுக்கு வருவோம். அது ஒரு கீட்டோ அமிலம். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பார்த்தால் நேராக வினைபுரியும், நொதி எதுவும் வேண்டியதில்லை. பைருவேட் ஒன்று, பெராக்சைடு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. கிடைப்பது அசிட்டேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர். வேதியியலாளர்களுக்கு இந்த வினை 1904 முதல் தெரியும். செல்லைக் கொல்லச் சில நூறு மைக்ரோமோலார் பெராக்சைடு போதும். உங்கள் புது பாட்டிலில் இருக்கும் பைருவேட் 1000 மைக்ரோமோலார். வருகிற பெராக்சைடை எல்லாம் செல்லைத் தொடுவதற்கு முன்பே மீடியாவிலேயே முடித்துவிடும். சக்திக் கணக்கில் ஐம்பதுக்கு ஒன்றாக அற்பமாகத் தெரிந்த அதே 1 மில்லிமோலார், இந்தக் கணக்கில் மிகப் பெரிய அளவு.

செல்களே இந்த வழியைப் பயன்படுத்துகின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பு. கார்ல் நேதன் குழு 1987-ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. வளர்ப்புச் செல்கள் தாங்களாகவே பைருவேட்டை மீடியாவுக்குள் சுரக்கின்றன, அது அவற்றின் பாதுகாப்பு என்று காட்டினார்கள். அதனால்தான் செல் அடர்த்தியாக இருக்கும் பிளேட்டில் பெராக்சைடு குறைவாகக் கொல்லும், மெல்லிசாகப் பரப்பின பிளேட்டில் அதிகமாகக் கொல்லும். உங்கள் நோட்டில் தேடிப்பாருங்கள், செல் நிரம்பிய வெல்களில் (பிளேட்டின் குழிகளில்) சாவு குறைந்த நாட்கள் இருந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டிய பரிசோதனைகள் இவை. முதலில், பழைய மீடியாவில் சாறும் கேட்டலேஸும் சேர்த்துப் போடுங்கள். மில்லிக்குச் சில நூறு யூனிட் போதும். கேட்டலேஸுக்குப் பெராக்சைடை உடைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, செல்லுக்குள்ளும் போகாது. செல்கள் பிழைத்தால் விஷயம் பெராக்சைடுதான். அடுத்தது, செல்லே இல்லாத வெல்லில் மீடியாவும் சாறும் மட்டும் வைத்து, ஃபாக்ஸ் முறையில் பெராக்சைடை அளங்கள். அதில் இருக்கும் ‘சைலினால் ஆரஞ்சு’ என்ற சாயம், பெராக்சைடு இருந்தால் மஞ்சளிலிருந்து ஊதாவாக மாறும். தர அளவுக் கோட்டையும் அதே மீடியாவிலேயே போட வேண்டும், தண்ணீரில் போட்டால் தப்பாக வரும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பழைய மீடியாவில் பைருவேட்டுக்குப் பதிலாக 1 மில்லிமோலார் சோடியம் லாக்டேட் சேருங்கள். செல் லாக்டேட்டை உள்ளே எடுத்துப் பைருவேட்டாக்கி எரிக்க முடியும். அதனால் எரிபொருள் என்ற வகையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆனால் லாக்டேட் கீட்டோ அமிலம் இல்லை, பெராக்சைடோடு வினைபுரியாது. சக்திதான் காரணம் என்றால் லாக்டேட்டும் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றாவிட்டால் உங்கள் சீனியரிடம் காட்டுவதற்கு அந்த ஒரு பிளேட் போதும்.

எம்.டி.டி. பற்றியும் ஒரு வார்த்தை. கடுக்காய்ச் சாறே எம்.டி.டி.யை நேராக ஊதாவாக்கும் தன்மை உள்ளது. பி.பி.எஸ். உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவிவிட்டு எம்.டி.டி. போடுங்கள்.


கயல் (செவ்வாய், மாலை 4:12)

அக்கா, மூன்று தடவை படித்தேன். மீடியா பழுப்பாவது உண்மை. அது சாற்றின் நிறம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மனசு கனக்கிறது. எட்டு மாத டேட்டா முழுக்க மீடியாவில் தோன்றிய பெராக்சைடா? கேட்டலேஸ் பக்கத்து லேபில் இருக்கிறது, கேட்டிருக்கிறேன். நாளைக்கே ஆரம்பிக்கிறேன். லாக்டேட் எங்களிடமே இருக்கிறது.


தேன்மொழி (செவ்வாய், மாலை 4:40)

மனசு கனக்கும்தான். நானும் ஒரு அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். ஆனால் டேட்டா பொய் இல்லை கயல், செல் செத்தது நிஜம். எதனால் செத்தது என்பதை இப்போதுதான் கேட்கிறீர்கள். மூலிகைச் சாறுகளை இப்படிச் சோதிக்கும் லேப்கள் நம் பக்கம் எத்தனையோ. மீடியாவில் பைருவேட் உண்டா இல்லையா என்று எழுதாமல் ஐ.சி.50 மதிப்பை (விளைவு பாதியளவு தெரியும் செறிவை) மட்டும் ஒப்பிடுகிறோம். ஒரு லேபில் கொல்கிற சாறு இன்னொரு லேபில் கொல்லவில்லை என்றால், முதலில் பாட்டிலைத்தான் பார்க்க வேண்டும்.


வடமராட்சி (செவ்வாய், இரவு 9:25)

வணக்கம். நான் கருக்கட்டல் சிகிச்சை ஆய்வுகூடத்தில் முளையவியல் பார்க்கிறவன். நொதி சொன்ன கணக்கைப் படிக்கும்போது ஒரு விசயம் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. எங்கட துறையில் பைருவேற்று உண்மையான எரிபொருள்தான், அதில சந்தேகமே இல்லை.

இப்போதுதான் கருக்கட்டிய எலி முட்டைக்குக் குளுக்கோசைப் பயன்படுத்தத் தெரியாது. குளுக்கோசை மட்டும் வைத்தால் முதற் பிரிவே நடக்காது. லாக்டேற்று மட்டும் வைத்தாலும் அதே கதைதான். பிகர்ஸ், விற்றிங்ஹாம், டொனகூ ஆகியோர் 1967-ல் காட்டியது இது: ஒரு கலநிலையிலிருந்து முதற் பிரிவைத் தாண்ட வைத்தவை பைருவேற்றும் ஒக்சலோஅசற்றேற்றும்தான். இரண்டு கலநிலைக்கு வந்த பிறகு லாக்டேற்றும் உதவும். குளுக்கோசு அதற்கும் பிந்தித்தான். உடலுக்குள்ளே இருக்கும்போது முட்டையைச் சுற்றியுள்ள கலங்கள் குளுக்கோசை எடுத்துப் பைருவேற்றாக்கி முட்டைக்குக் கொடுக்கின்றன. தாய் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற மாதிரித்தான். அந்தக் கலங்களை நீக்கிவிட்டால் நாங்கள்தான் ஊட்ட வேண்டும்.

மனித முளையங்களுக்கு 1985-ல் வந்த எச்.ரி.எப். ஊடகத்தில் பைருவேற்று 0.33 மில்லிமோலார், லாக்டேற்று 21.4 மில்லிமோலார், குளுக்கோசு 2.78 மில்லிமோலார். இங்கே குளுக்கோசின் அளவைக் கயல் தங்கச்சியின் 25 மில்லிமோலாரோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. எந்தக் கலம், எந்த ஊடகம் என்று கேட்காமல் பைருவேற்று சக்தியா இல்லையா என்று கேட்டால் விடை வராது.


நொதி (செவ்வாய், இரவு 10:10)

வடமராட்சி, மிக்க நன்றி. என் கணக்கு எங்கே பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மாணிக்கம் அண்ணனுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. சாறு எதுவும் போடாத சாதாரண வளர்ப்பில் பைருவேட் எதற்கு? அதற்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. ஹாரி ஈகிளும் பீஸும் 1962-ல் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். செல் அடர்த்தியாக இருந்தால் தேவைப்படாத சில பொருட்கள், செல் மிகக் குறைவாக இருக்கும்போது அவசியமாகிவிடுகின்றன. அவற்றில் பைருவேட்டும் செரினும் உண்டு. செல்லுக்கு இவற்றைத் தயாரிக்கத் தெரியும். ஆனால் தயாரிக்கத் தயாரிக்க வெளியே கசிகிறது. பிளேட் நிறைய செல் இருந்தால், கசிந்தது மீடியாவில் சேர்ந்து ஒரு அளவுக்கு வந்ததும் கசிவு ஈடுகட்டப்படும். 10 மில்லி மீடியாவில் ஐம்பதே செல் இருந்தால் எவ்வளவு கசிந்தாலும் அந்த அளவு வராது, செல் காய்ந்துபோகும். அதனால்தான் ஒற்றைச் செல்லிலிருந்து காலனி வளர்ப்பதற்காக ஹாம் 1965-ல் செய்த எஃப்-12 மீடியாவில் பைருவேட் 1 மில்லிமோலார் வைத்தார். ஹைப்ரிடோமாவை (ஆன்டிபாடி தயாரிக்கும் கலப்புச் செல்) ஒற்றைச் செல்லாகப் பிரிப்பவர்கள் ஆக்சலோஅசிட்டேட், பைருவேட், இன்சுலின் மூன்றும் சேர்ந்த கலவையை இன்றும் போடுவதும் இதனால்தான். ஆர்.பி.எம்.ஐ. 1640-ல் பைருவேட் கிடையாது, அதனால் தனியாகச் சேர்ப்பார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பைருவேட்டைச் செல்லுக்கு உணவு என்று நினைக்கிறோம். ஆனால் சில செல்கள் அதைக் கிட்டத்தட்ட ஆக்சிஜன் மாதிரிப் பயன்படுத்துகின்றன.

கிங், அட்டார்டி இருவரும் 1989-ல் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை முழுவதுமாக நீக்கிய மனிதச் செல்களை உருவாக்கினார்கள். அந்தச் செல்களில் எலக்ட்ரான் கடத்தும் சங்கிலி வேலை செய்யாது. சாதாரண மீடியாவில் போட்டால் வளராது. இரண்டே இரண்டு பொருளைச் சேர்த்தால் வளரும்: யூரிடின், பைருவேட். யூரிடின் ஏன் என்பது எளிது, அதைத் தயாரிக்கும் ஒரு படி அந்தச் சங்கிலியை நம்பியிருக்கிறது. பைருவேட் ஏன்? இந்தச் செல்லால் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்து ஆற்றல் எடுக்கவே முடியாதே! எரிக்கிற அடுப்பையே பிடுங்கிப் போட்டாயிற்று. அப்புறம் விறகு எதற்கு?

விடை 2015-ல்தான் முழுமையாக வந்தது. பிர்சோய் முதலானோரும் சல்லிவன் முதலானோரும் ஒரே சமயத்தில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். செல் உணவை உடைக்கும்போது எலக்ட்ரான்கள் என்.ஏ.டி. மீது ஏறி என்.ஏ.டி.ஹெச். ஆகிறது. அந்த எலக்ட்ரான்களை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். சாதாரணமாகச் சங்கிலி வழியாக ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். சங்கிலி இல்லாவிட்டால் என்.ஏ.டி. எல்லாம் சுமையோடு மாட்டிக்கொள்ளும், அஸ்பார்ட்டேட் தயாரிக்க முடியாது, அஸ்பார்ட்டேட் இல்லாமல் டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் வழியில்லை. வெளியிலிருந்து பைருவேட் வந்தால் அது அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு லாக்டேட்டாக மாறி வெளியே போகிறது. என்.ஏ.டி. சுமை இறங்கி மறுபடி வேலைக்கு வருகிறது. பைருவேட்டுக்குப் பதில் ஆல்ஃபா கீட்டோபியூட்டிரேட் போட்டாலும் செல் வளர்ந்தது. அதற்கு எலக்ட்ரானை வாங்கத் தெரியும், செல்லுக்கு ஏ.டி.பி. தரத் தெரியாது. அதனால் அங்கே பைருவேட்டின் வேலை ஆற்றல் கொடுப்பது இல்லை, எலக்ட்ரான் வாங்குவது. கொடுக்கிறதாக நாம் நினைத்த பொருள் உண்மையில் வாங்கிக்கொண்டிருந்தது.


மாணிக்கம் (புதன், காலை 7:30)

நொதி சார், பதினைந்து வருடம் ஊற்றிக்கொண்டிருந்ததற்கு இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

என் பங்குக்குக் கைவேலை விஷயம் சொல்கிறேன், இளம் பிள்ளைகளுக்கு உதவும். ஸ்டாக் நீங்களே செய்வதாக இருந்தால் 100 மில்லி தண்ணீரில் 1.1 கிராம். ஆட்டோகிளேவ் பண்ணவே கூடாது, 0.22 மைக்ரான் ஃபில்டரில்தான் வடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில், வெளிச்சம் படாமல். கரைசலில் நாள்பட்டால் இரண்டு பைருவேட் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், அது மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதியைத் தடுக்கக்கூடியது என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அதனால் நான் சின்னச் சின்னதாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடுவேன். பொடி பாட்டிலைத் திறந்தால் மேலே தேதி எழுதுங்கள்.

எங்கள் லேபில் எல்.டி.ஹெச். கசிவுச் சோதனை (செத்த செல்லிலிருந்து வெளியே வரும் எல்.டி.ஹெச். நொதியை அளப்பது) செய்த ஒரு பையனுக்கு ஒரு வாரம் வீணாயிற்று. செல் செத்து மிதப்பது கண்ணுக்குத் தெரிகிறது, எண் மட்டும் ஏறவில்லை. அந்தச் சோதனையில் லாக்டேட் பைருவேட்டாக மாற வேண்டும். மீடியாவில் ஏற்கெனவே பைருவேட் நிறைய இருந்தால் வினை முன்னால் போகத் தயங்கும். பைருவேட் இல்லாத மீடியாவுக்கு மாற்றின அன்றே எண் சரியாக வந்துவிட்டது.


தறி (புதன், காலை 11:55)

தடுப்பூசித் தயாரிப்புப் பக்கம் இருந்து ஒரு சின்னத் தகவல். குளுட்டமின் உடைந்தால் அம்மோனியா சேரும், அது செல் வளர்ச்சியைத் தடுக்கும், பெரிய கலனில் இது பெரிய தலைவலி. 2005-ல் கென்செல், ரைக்ல் முதலானோர் குளுட்டமினை எடுத்துவிட்டுப் பைருவேட் 10 மில்லிமோலார் வைத்து எம்.டி.சி.கே. போன்ற செல்களை வளர்த்துக் காட்டினார்கள். அம்மோனியா நன்றாகக் குறைந்தது. எம்.டி.சி.கே. இன்ஃப்ளூயன்சா வைரஸ் வளர்க்கும் செல். இங்கே அளவு 1 இல்லை, 10. கரிசல்காரன் சொன்ன எரிபொருள் வேலை இங்கே உண்டு.


கரிசல்காரன் (புதன், மதியம் 12:20)

நன்றி தறி. தேன்மொழி, ஒரு சந்தேகம். சாறே போடாத மீடியாவில் பெராக்சைடு வராதா? ஹூடில் (கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டி) விளக்கைப் போட்டபடியே பாட்டில்களை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோமே.


தேன்மொழி (புதன், மதியம் 2:05)

வரும். மீடியாவில் இருக்கும் ரைபோஃபிளேவின் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு டிரிப்டோஃபான், டைரோசினோடு வினைபுரியும், பெராக்சைடு உருவாகும். சாதாரண டியூப்லைட் வெளிச்சம் பட்ட மீடியா மனிதச் செல்லைக் கொல்வதையும், அதற்குப் பெராக்சைடு ஒரு காரணம் என்பதையும் வாங், நிக்சன் 1978-ல் காட்டினார்கள். பிஹெச்சை நிலையாக வைக்கச் சேர்க்கும் ஹெப்பஸ் இருந்தால் இன்னும் மோசம். பாட்டிலை ஃபாயிலில் சுற்றுங்கள், வேலை முடிந்ததும் விளக்கை அணையுங்கள். பைருவேட் உள்ள மீடியா இதைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் தாங்கத் தாங்க அதுவும் செலவாகும். லேபிளில் 110 மில்லிகிராம் என்று போட்டிருப்பது பாட்டில் நிரப்பின அன்றைய அளவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனித இரத்தத்தில் பைருவேட் 0.1 மில்லிமோலார் அளவுக்குள்தான் இருக்கும். நாம் அதைப் போலப் பத்து மடங்கு போடுகிறோம். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் படிக்கிறவர்கள் அவ்வளவு பெரிய பெராக்சைடு உறிஞ்சியை மீடியாவில் வைத்துக்கொண்டு “எங்கள் மருந்து பாதுகாப்பானது” என்று எழுதினால் அதுவும் தவறு. இரத்தப் பிளாஸ்மாவின் அளவுகளை ஒட்டிச் செய்த மீடியா 2017-ல் டேவிட் சபாட்டினி ஆய்வகத்திலிருந்து வந்தது இந்த மாதிரிக் கவலைகளால்தான்.


கயல் (அடுத்த வியாழன், இரவு 11:08)

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது நாள் ஆயிற்று. பரிசோதனை ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செல் இல்லாத வெல்: பழைய மீடியாவும் சாறும் வைத்து ஒரு மணி நேரத்தில் ஃபாக்ஸ் கரைசல் கரு ஊதாவாகிவிட்டது. புது மீடியாவில் அதே சாறு, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இரண்டு வெல்லும் பக்கத்தில் பக்கத்தில். கைடைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

கேட்டலேஸ் போட்ட வெல்களில் செல்கள் பிழைத்தன. பழைய மீடியாவில் நானே 1 மில்லிமோலார் பைருவேட் சேர்த்தேன், பிழைத்தன. லாக்டேட் சேர்த்தவை செத்தன. தேன்மொழி அக்கா சொன்ன அந்த ஒரு பிளேட்டைச் சீனியரிடமும் காட்டினேன். என் யோசனையில் இன்னொன்றும் செய்தேன்: சாறு போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பைருவேட் சேர்த்தால் செல் பிழைக்கவில்லை. பட வேண்டிய அடி அதற்குள் பட்டுவிட்டது போல.

ஆனால் ஒன்று. நான் பயன்படுத்திய மிக அதிக அளவில், கேட்டலேஸ் இருந்தும் கொஞ்சம் செல்கள் சாகின்றன. பைருவேட் இருந்தும் சாகின்றன. சின்ன எண்ணிக்கைதான், ஆனால் மூன்று தடவையும் வந்தது.


தேன்மொழி (அடுத்த வெள்ளி, காலை 6:15)

கயல்! காலையில் எழுந்ததும் படித்தது இதைத்தான். இரண்டு மணி நேரம் கழித்துச் சேர்த்த பரிசோதனை எனக்குத் தோன்றியதே இல்லை, அதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அந்த மிச்சச் சாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடுக்காய் தன் சொந்தக் கையால் செய்வது அதுவாக இருக்கலாம். அதற்கு முன் ஒரே ஒரு கன்ட்ரோல்: கேட்டலேஸைக் கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்து அதையும் ஒரு வரிசையில் போட்டீர்களா? புரதம் சேர்ந்ததாலேயே டானின் அதோடு ஒட்டிக்கொண்டு குறைந்திருக்கலாம் என்று யாராவது கேட்பார்கள்.


கயல் (அடுத்த வெள்ளி, காலை 8:40)

போட்டேன் அக்கா. கொதிக்க வைத்த கேட்டலேஸ் காப்பாற்றவில்லை. இன்றைக்கு மெத்தடாலஜி அத்தியாயத்தில் மீடியா வரியைத் திருத்துகிறேன். ‘பைருவேட் இல்லாதது’, ‘1 மில்லிமோலார் பைருவேட் உள்ளது’ என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதுகிறேன். திங்கள்கிழமை அதிக அளவு வெல்களை மறுபடி தொடங்குகிறேன்.